கரிப்பின் ஊற்றுக்கண்: எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீர் ஆய்வும் வேம்பார்க் கரையும்

1. கேள்வி

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையின் வடகோடியில், ராமநாதபுரம் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த ஊர் வேம்பார். முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்று. எதிரே கடலில் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி என்று மூன்று தீவுகள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இவை வேம்பார்க் குழு. கரையில் மீன்பிடித் தொழில், பனை, உப்பளம்.

2025 மார்ச்சில் ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி அளித்தது. எதிர்ப்பு எழுந்ததும், அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்தை அறிவுறுத்தியிருப்பதாக ஆகஸ்டில் மாநில அரசு தெரிவித்தது. அறிவிப்புகள் வரும், மாறும். ஆனால் ராமநாதபுரத்தை அடுத்த வழுதூர் மின்நிலையம் உள்ளூர் எரிவாயுவில்தான் ஓடுகிறது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் 2011இல் கெய்ர்ன் நிறுவனம் இரண்டு இடங்களில் எரிவாயுவைக் கண்டது. இந்தக் கடலோர வட்டாரத்தில் வாயு உண்டு என்பது உறுதியாகிவிட்ட செய்தி. எனவே கிணறுகள் பற்றிய பேச்சும் ஓயப்போவதில்லை.

இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. இக்கரையில் நாளை ஒரு குடிநீர்க் கிணறு கரித்துப் போனால், அந்தக் கரிப்பு எண்ணெய், எரிவாயுக் கிணற்றிலிருந்து வந்ததா, கடலிலிருந்து வந்ததா, உப்பளத்திலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது? பொதுவிவாதத்தில் இரண்டு நிலைப்பாடுகளே திரும்பத் திரும்பக் கேட்கின்றன. வாயு எடுத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பது ஒன்று. கடலோர நீர் எப்போதும் உப்புதானே என்பது மற்றது. இரண்டையும் சோதித்துப் பார்க்கும் கருவிகள் உலகில் உருவாகிவிட்டன. அவற்றை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தவர்களில் ஒருவர் அவ்னர் வெங்கோஷ். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் பணியாற்றும் புவிவேதியியலாளர். அவருடைய ஆய்வுகள் எதை நிறுவின, எங்கே தடுமாறின என்று பார்த்துவிட்டு வேம்பாருக்குத் திரும்பினால், நம் கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்க முடியும்.

2. உப்பு ஏரியில் தொடங்கிய ஆய்வு

எண்ணெயோ எரிவாயுவோ தனியாக மேலே வருவதில்லை. பாறைத் துளைகளில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டிருந்த நீரும் உடன் வருகிறது. துறையினர் அதை புரொடியூஸ்டு வாட்டர் என்பார்கள். இங்கே உடன்வரும் நீர் என்று குறிப்பிடுகிறேன். பழைய எண்ணெய் வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பல பீப்பாய் நீர் வருவது சாதாரணம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பென்சில்வேனியாவின் மார்சலஸ் பாறையிலிருந்து வரும் நீரில் அது 200 கிராமையும் தாண்டும்.

வெங்கோஷ் எண்ணெய்த் துறைக்கு நேரே வந்தவர் அல்லர். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1990இல் முனைவர் பட்டம் பெற்ற காலத்தில் அவர் ஆராய்ந்தது ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரிகளில் உள்ள போரான் தனிமத்தின் ஐசோடோப்புகளை. பிறகு இஸ்ரேலில் பணியாற்றியபோது காசாவின் நிலத்தடி நீரும் யோர்தான் ஆறும் எதனால் உப்பாகின்றன என்று தேடினார். 2009இல் யோர்தான் நாட்டின் டிசி நீர்த்தாங்கியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மழையாகப் பெய்து மணற்பாறையில் தங்கிய நல்ல நீர் அது. அதில் குடிநீர் வரம்பைப் பல மடங்கு தாண்டிய ரேடியம் இருந்தது. எந்தத் தொழிற்சாலையும் அதைக் கலக்கவில்லை.

இந்த முன்வரலாறு முக்கியமானது. இயற்கையே நீரைக் கெடுக்கும் என்பதை நன்கு அறிந்த ஒருவர்தான் எரிவாயுக் கிணறுகளின் பக்கம் போனார். ஒரு கிணறு உப்பாயிருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவர் எவரையும் குற்றவாளியாக்கவில்லை. உப்பின் பிறப்பிடத்தைக் கேட்டார்.

3. மீத்தேன் சர்ச்சையும் அதன் குறையும்

2011இல் வெங்கோஷும் அவருடைய டியூக் சகாக்களும் வெளியிட்ட கட்டுரைதான் அவர்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. வடகிழக்கு பென்சில்வேனியாவிலும் அதை ஒட்டிய நியூயார்க் பகுதியிலும் 68 வீட்டுக் கிணறுகளை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றில் மீத்தேன் அளக்கப்பட்டவை 60. இயங்கும் எரிவாயுக் கிணறுகளுக்கு அருகே இருந்த குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் சராசரியாக 17 மடங்கு அதிகம். பாறையை உடைக்கச் செலுத்தப்படும் வேதிநீர் கலந்ததற்கான தடயம் மட்டும் கிடைக்கவில்லை. அதையும் கட்டுரை வெளிப்படையாகவே சொன்னது. செய்திகளில் முதல் பாதிதான் பரவியது.

மறுப்பு உடனே வந்தது. அந்த மண்ணில் மீத்தேன் முன்பே உண்டு, பள்ளத்தாக்குகளில் அது அதிகம், கிணறு தோண்டும் முன் யாரும் அளக்கவில்லையே என்றார்கள். 2013இல் மோலோஃப்ஸ்கி குழு 1,701 கிணறுகளின் தரவைக் கொண்டு, மீத்தேன் அளவு நில அமைப்போடுதான் பொருந்துகிறது என்றது. அதே ஆண்டில் டியூக் குழு 141 கிணறுகளுடன் திரும்பி வந்து, ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவற்றில் ஆறு மடங்கு மீத்தேன் என்று காட்டியது. 2015இல் சீகல் குழு 11,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்டு அப்படியொரு தொடர்பே இல்லை என்றது. அந்த மாதிரிகள் எரிவாயு நிறுவனம் ஒன்று எடுத்து வைத்திருந்தவை.

எண்ணிக்கையால் தீராத தகராறு இது. 60 கிணறுகள் போதாது என்றால் 11,000 கிணறுகளும் யாருடைய கையில் இருந்தவை என்ற கேள்விக்கு உட்பட்டவைதான். என் வாசிப்பில், இந்த விவாதம் முழுவதையும் ஓர் இல்லாமைதான் நடத்தியிருக்கிறது: துளையிடும் முன் பொதுச் சொத்தாக எடுத்து வைக்கப்பட்ட நீர் மாதிரிகள் இல்லை. நிறுவனம் தன் பாதுகாப்புக்காக எடுத்து வைத்துக்கொண்டது. மக்களிடம் எதுவும் இல்லை.

அந்தக் குறையை ஈடுசெய்யும் வகையில் அமைந்தது 2017இல் டியூக் குழுவின் ஜெனிஃபர் ஹார்க்னெஸ் முதன்மை ஆசிரியராக வெளியான மேற்கு வர்ஜீனியா ஆய்வு. மூன்றாண்டுகள், 112 கிணறுகள். அவற்றுள் 20 கிணறுகளில் துளையிடும் முன்பே மாதிரி எடுக்கப்பட்டது. நிலத்தடி நீரில் எரிவாயுத் தொழிலின் தடம் காணப்படவில்லை என்பதே முடிவு. ஆனால் கழிவுநீர் சிந்திய இடங்களில் ஓடைநீர் கெட்டிருந்தது. எதிர்ப்பாளர்களுக்கு உவப்பில்லாத முதல் முடிவையும் தொழில்துறைக்கு உவப்பில்லாத இரண்டாம் முடிவையும் ஒரே கட்டுரையில் வெளியிட்ட நேர்மையால்தான் இந்தக் குழுவின் மற்ற முடிவுகளுக்கும் நான் மதிப்பளிக்கிறேன்.

4. ஓடைப்படுகையில் படிந்த ரேடியம்

மீத்தேன் விவாதத்தைவிட நமக்கு நெருக்கமானது கழிவுநீர் ஆய்வு. மேற்கு பென்சில்வேனியாவில் ஜோசஃபின் என்ற இடத்தில் கிணற்று உப்புநீரைச் சுத்திகரித்து பிளாக்லிக் ஓடையில் விடும் நிலையம் ஒன்று இருந்தது. நதானியேல் வார்னர், வெங்கோஷ் முதலியோர் 2010 முதல் 2012 வரை அங்கே எடுத்த மாதிரிகளின் முடிவை 2013இல் வெளியிட்டனர். சுத்திகரிப்பு ரேடியத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீக்கிவிட்டது. அப்படியிருந்தும், நீர் வெளியேறும் இடத்தில் ஓடையின் அடிமண்ணில் ரேடியம் மேல்பகுதியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு சேர்ந்திருந்தது. குளோரைடும் புரோமைடும் சுத்திகரிப்பில் நீங்காமல் கீழே போய்க்கொண்டிருந்தன. புரோமைடு கலந்த ஆற்றுநீரைக் குளோரின் இட்டுக் குடிநீராக்கும்போது உடலுக்குத் தீங்கான சேர்மங்கள் உண்டாகின்றன.

ரேடியம் ஏன் உப்புநீரோடு வருகிறது? பாறையில் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியம்-226 பிறக்கிறது. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. தோரியத்திலிருந்து ரேடியம்-228, அரை ஆயுள் ஆறாண்டுக்கும் குறைவு. நன்னீரில் ரேடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். உப்பு மிகுந்த நீரில் சோடியமும் கால்சியமும் பேரியமும் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்வதால் ரேடியம் கரைந்தே நிற்கும். அதே நீர் சல்ஃபேட் உள்ள நீரோடு கலந்தால் பேரியம் சல்ஃபேட்டாகப் படியும்போது ரேடியத்தையும் சேர்த்து இழுத்து அடியில் உட்காரும். ஓடைநீரை மட்டும் சோதிப்பவர் இதைக் காணமாட்டார். மண்ணை அள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

2018இல் நான்சி லாவர், வார்னர், வெங்கோஷ் வெளியிட்ட தொடராய்வு அதைவிடக் கனமான செய்தியைச் சொன்னது. ஷேல் பாறையை உடைத்து எடுக்கும் வாயுவின் கழிவுநீரை இத்தகைய நிலையங்களுக்கு அனுப்புவது 2011இல் நின்றுவிட்டது. வழக்கமான எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீர் மட்டும் தொடர்ந்தது. அது ஆபத்தில்லாதது என்ற எண்ணம். இரு ரேடிய ஐசோடோப்புகளின் விகிதமும், ரேடியம்-228 சிதைந்து தரும் தோரியத்தின் அளவும் மண்ணில் படிந்த ரேடியத்தின் வயதைக் காட்டின. புதிதாகச் சேர்ந்தது வழக்கமான கிணறுகளின் கழிவிலிருந்தே வந்திருந்தது.

தமிழகத்தில் இந்த முடிவு கவனிக்கப்படவில்லை என்பது என் வருத்தம். 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்களின் பேச்சு பெரும்பாலும் மீத்தேன், ஷேல், பாறையுடைப்பு என்ற சொற்களைச் சுற்றி அமைந்தது. பாறையுடைப்பு செய்யமாட்டோம் என்ற உறுதிமொழி கிடைத்தால் பாதி ஆபத்து நீங்கியதுபோல் ஆகிவிடுகிறது. காவிரிப் படுகையிலும் ராமநாதபுரத்திலும் நெடுநாளாக இயங்கும் கிணறுகள் வழக்கமான வகையைச் சேர்ந்தவை. உடன்வரும் நீர் அவற்றிலும் வரும். கேட்க வேண்டியது அந்த நீர் எவ்வளவு, அதில் என்ன இருக்கிறது, எங்கே போகிறது என்பதுதான்.

எல்லாக் கழிவுநீரும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் உப்புக் குறைந்த எண்ணெய்வயல் நீரைக் கலந்து பாசனம் செய்கிறார்கள். 2020இல் வெங்கோஷ் குழு அதை ஆராய்ந்து, ரேடியம் போன்றவை கவலைதரும் அளவில் இல்லை, ஆனால் போரானும் சோடியமும் மண்ணில் மெல்லச் சேர்கின்றன என்றது. அளந்தபின் வரும் அமைதி வேறு, அளக்காமல் தரும் உறுதிமொழி வேறு.

5. வேம்பாரில் இந்த முறை செல்லுமா?

பென்சில்வேனிய ஓடையில் உப்பு அந்நியப் பொருள். வேம்பாரில் அப்படி இல்லை. இங்கே குறைந்தது நான்கு உப்புகள் ஏற்கெனவே உண்டு: நிலத்தடியில் உள்ளேறும் கடல்நீர், பழைய கடற்படிவுகளில் தங்கிய நீர், மழை குறைந்த நிலத்தில் ஆவியாகி மேல்மண்ணில் படியும் உப்பு, உப்பளங்கள். தூத்துக்குடி வட்டாரத்து உப்பளங்கள் பல, கடல்நீரைவிட அடர்ந்த நிலத்தடி உப்புநீரை ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்துப் பாத்திக்குப் பாய்ச்சுபவை. எனவே மொத்த உப்பளவோ குளோரைடோ ஏறியதைக் காட்டி இங்கே எதையும் நிறுவ முடியாது. இதை முதலில் ஒப்புக்கொள்வது நல்லது.

வெங்கோஷ் போன்றோர் பயன்படுத்தும் முதல் அடையாளம் குளோரைடு, புரோமைடு விகிதம். கடல்நீரில் புரோமைடைப்போல் குளோரைடு எடையில் ஏறத்தாழ 290 மடங்கு. கடல்நீர் வற்றி உப்பு படிந்தபின் எஞ்சும் நீரில் புரோமைடு குவிந்து இந்த விகிதம் குறையும். பென்சில்வேனியாவை உள்ளடக்கிய அப்பலாச்சியப் பகுதியின் ஆழ்நீர் அத்தகைய பழங்கடல் எச்சமாகையால், அங்கே குறைந்த விகிதம் ஆழ்நீரைச் சுட்டும் நல்ல சான்று. வேம்பாரில்? உப்பளத் தொழிலாளி ஒவ்வொரு பருவத்திலும் செய்வதும் அதே வேலைதான். உப்பை வாரியபின் பாத்தியில் நிற்கும் கசப்பு நீரும் புரோமைடு குவிந்த நீரே. பென்சில்வேனிய அளவுகோலை அப்படியே கொண்டுவந்து வைத்தால் உப்பளக் கசிவை எண்ணெய்க் கிணற்றுக் கசிவாகப் படித்துவிடுவோம். அல்லது ஒரு நிறுவனம் தன் கசிவை உப்பளத்தின் மேல் எளிதாகச் சுமத்திவிடும். இரண்டும் உப்பளத்தில் கூலிக்கு நிற்பவருக்கும் ஊர்க் கிணற்றுக்கும் கேடு.

பிரித்தறிய வழி உண்டு. உப்பளக் கசப்பு நீரில் மக்னீசியமும் சல்ஃபேட்டும் மிகுதி. கால்சியம் முன்பே ஜிப்சமாகப் படிந்துவிடுவதால் மிகக் குறைவு. பழைய ஆழ்நீரில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மிகுதி, சல்ஃபேட் அருகி இருக்கும். எண்ணெய்ப் பாறைகளின் நீரில் அம்மோனியமும் அயோடைடும் அசாதாரணமாக உயர்ந்திருக்கும் என்று 2015இல் ஹார்க்னெஸ் முதலியோர் காட்டினர். போரான் ஐசோடோப்பு இன்னும் நுட்பமான சாட்சி. கடல்நீரில் அதன் அளவு ஆயிரத்துக்கு 39 என்ற புள்ளியில் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்று. நீர் வற்ற வற்ற அது மேலே போகும். சூடான ஆழத்தில் களிமண்ணிலிருந்து போரான் கரைந்து சேர்ந்த நீரில் கீழே இறங்கும். மார்சலஸ் கிணற்று நீரில் 25 முதல் 31 வரை இருந்ததாக 2014இல் வார்னர் குழு அளந்தது. ஆக, கசப்பு நீரும் ஆழ்நீரும் கடலின் இரு எதிர்ப்பக்கங்களில் நிற்கும்.

மற்றொரு சாட்சியான ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பை இங்கே தனியாக நம்பக் கூடாது. இன்றைய கடல்நீரில் அது 0.7092, ஆனால் மேற்கேயிருந்து தொல்பாறைகளின் வழியாக வரும் நன்னீரிலும் விகிதம் உயர்ந்திருக்கக்கூடும். ரேடியத்திலும் ஒரு சிக்கல். தென்கோடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் தோரியம் கொண்ட மோனசைட்டுக்குப் பெயர்பெற்றது. தோரியம் தரும் ரேடியம்-228 இக்கரையின் மணலிலும் கிணற்றிலும் இயல்பாக எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். கடற்கரையில் உவர்நீரும் நன்னீரும் சேரும் இடத்தில் மண்ணிலிருந்து ரேடியம் தானாகவே விடுபடும் என்பதும் அறிந்த செய்தி. இப்பின்னணியை அளக்காமல் நாளை ஓர் அளவுமானியை நீட்டினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இராது.

இவை எல்லாம் உலகப் பொதுவான வேதியியலிலிருந்து வரும் எதிர்பார்ப்புகள். ராமநாதபுரம் படுகையின் உடன்வரும் நீரில் போரானும் ரேடியமும் எப்படி இருக்கின்றன என்பதை அந்த நீரை வைத்தே அறிய வேண்டும். கிணற்றிலிருந்து அதை எடுக்கும் நிறுவனத்தின் ஒத்துழைப்பின்றி அது நடக்காது. அனுமதிக்கான நிபந்தனையாகவே அதை வைப்பதற்கு இது போதிய காரணம்.

6. பட்டியலில் இல்லாதவை

எண்ணெய், எரிவாயுத் துறைக்கான இந்தியக் கழிவுநீர் விதிகள் 1996இல் வகுக்கப்பட்டவை. நிலத்தில் விடும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 600 மில்லிகிராமும் கரைந்த மொத்த உப்பு 2,100 மில்லிகிராமும் தாண்டக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராம். ஈயம், பாதரசம், குரோமியத்துக்கும் வரம்பு உண்டு. ரேடியமும் புரோமைடும் அந்தப் பட்டியலில் இல்லை. கதிரியக்கம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பொறுப்பு என்று பிரிந்து கிடக்கிறது. கிணற்றருகே மாதிரி எடுக்க வரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஊழியரின் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லையென்றால், அது அளக்கப்படாது.

பட்டியல்கள் மாறக்கூடியவை. 2018இல் ரேச்சல் கோய்ட், வெங்கோஷ் ஆகியோர் இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் 324 கிணறுகளைச் சோதித்து, ராஜஸ்தானில் பல கிணறுகளில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டியதைக் காட்டினர். அப்போது இந்தியக் குடிநீர்த் தரநிலையில் யுரேனியத்துக்கு வரம்பே இல்லை. பின்னர் சேர்க்கப்பட்டது. அந்த ஆய்வும் யுரேனியம் பாறையிலிருந்து வருவது இயற்கை, அதை வெளியேற்றுவதில் நீர்மட்டச் சரிவுக்கும் நைட்ரேட் மாசுக்கும் பங்குண்டு என்று இயற்கையையும் மனிதச் செயலையும் பிரித்தே பேசியது.

ஆனால் கிணறுகளைப் பொறுத்தவரை சட்டத்தின் திசை முன்கூட்டியே அளப்பதற்கு எதிராகப் போய்க்கொண்டிருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை மக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படாத பிரிவுக்கு மாற்றியது. துளையிடும் முன் மாதிரி எடுக்க வேண்டிய நேரத்தில், ஊராருக்குக் கிணறு வருவதே தெரியாமல் போகும் ஏற்பாடு இது. அடுத்த மாதம் தமிழக அரசு காவிரிப் படுகைக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. அதன் எல்லைக்குள் ராமநாதபுரமும் தூத்துக்குடியும் வரவில்லை. நெல் விளையும் நிலத்துக்குக் கிடைத்த காப்பு, கடலையும் பனையையும் நம்பிய கரைக்கு இல்லை.

முத்துப்பார்களின் வரலாறு இங்கே ஒரு பாடம். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சிப்பிகள் ஏன் சில ஆண்டுகளில் செழித்துச் சில ஆண்டுகளில் அழிகின்றன என்று கடலுயிர் ஆய்வாளர்களான ஹெர்ட்மனும் ஹார்னலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தார்கள். மீன் தின்றதா, மணல் மூடியதா, அதிகம் அள்ளியதா என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. நீரின் வேதியியலைப் பார் பாராக, ஆண்டாண்டாக எழுதிவைத்த தொடர் பதிவு இருந்திருந்தால் அந்த விவாதம் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

7. என்ன எடுத்து வைக்க வேண்டும்

நடைமுறையில் இது பெரிய செலவு இல்லை. வேம்பாரிலும் எல்லைக்கு அப்பால் உள்ள கடலோர ஊர்களிலும் குடிநீர்க் கிணறுகள், ஊருணிகள், உப்பளத்து ஆழ்துளைக் கிணறுகள், பாத்தியின் கசப்பு நீர், கடல்நீர், தீவுகளைச் சுற்றிய அடிமண் ஆகியவற்றில் மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும். முதன்மை அயனிகளோடு புரோமைடு, அயோடைடு, அம்மோனியம், போரான், ஸ்ட்ரான்சியம், பேரியம், இரு ரேடியங்கள், கரைந்த மீத்தேன் ஆகியவற்றை அளக்க வேண்டும். ஐசோடோப்புச் சோதனைக்கு ஆகும் செலவு அதிகம்தான். எல்லாவற்றையும் உடனே சோதிக்க வேண்டியதில்லை. வடிகட்டி, தூய நைட்ரிக் அமிலம் சில துளி சேர்த்து மூடிவைத்த நீர், உலோகங்களுக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் ரேடியம்-226க்கும் நெடுங்காலம் தாங்கும். போரானுக்கென அமிலம் சேர்க்காத இன்னொரு புட்டி வேண்டும். மீத்தேனும் அம்மோனியமும் காத்திருக்காது. ரேடியம்-228உம் ஆறாண்டில் பாதியாகிவிடும். இவற்றை மட்டும் அப்போதே அளந்தாக வேண்டும்.

மாதிரி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஒரு பங்கு அரசுப் பல்கலைக்கழக ஆய்வகத்தில், ஒரு பங்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில், முத்திரையிட்ட ஒரு பங்கு ஊராட்சியின் பொறுப்பில். அளவுகள் தமிழில் எழுதப்பட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ராமநாதபுரத்தில் ஏற்கெனவே இயங்கும் எரிவாயுக் கிணறுகளின் உடன்வரும் நீருக்கும் இதே சோதனை உடனே தேவை. புதிய அனுமதிகள் வருமா வராதா என்று காத்திருக்கும் இந்த இடைவெளிதான் அதற்கு உகந்த காலம். துளையிடும் இயந்திரம் வந்து நின்றபின் எடுக்கும் முதல் மாதிரியை எந்த நீதிமன்றமும் முன்நிலையாக ஏற்காது.